சின்னம்மா வீட்டுத் தகரமும் 352 கிலோமீற்றர் ஓடிய காற்றும்

கேள்வி இதுதான்: "மூதூரில் இருக்கும் சின்னம்மா வீட்டுக் கூரைத் தகரங்களைப் போன வாரம் பின்னேரம் அடித்த காற்று கழற்றிக்கொண்டு போய்விட்டது. ஊரில் எல்லோரும் 'மினி சூறாவளி' என்கிறார்கள். அமெரிக்காவில் 1925இல் ஒரு டொர்னாடோ 352 கிலோமீற்றர் ஓடி 695 பேரைக் கொன்றது என்று ஒரு காணொளியில் பார்த்தேன். இரண்டும் ஒன்றுதானா? திருகோணமலைக்கு அப்படி ஒன்று வருமா?"

தம்பி, சுருக்கமான பதில் வேண்டுமென்றால், இரண்டும் ஒன்றல்ல. அந்த அளவில் ஒன்று இங்கே வராது என்று ஏறத்தாழ அடித்தே சொல்லலாம். ஆனால் அதோடு விட்டால், 27 வருடம் உயர்தரத்துக்குப் புவியியல் படிப்பித்த எனக்கு இன்றிரவு தூக்கம் வராது. ஆகவே கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள்.

முதலில் அந்தப் பெயரைக் கொஞ்சம் திட்ட வேண்டியிருக்கிறது. வங்காள விரிகுடாவில் தாழமுக்கமாகத் தொடங்கி, நாட்கணக்கில் வளர்ந்து, பெயரும் வைக்கப்பட்டு வருகிறதே, அதை நாங்கள் சூறாவளி என்கிறோம். தமிழ்நாட்டில் அதே சாமானுக்குப் புயல் என்று பெயர். பேப்பர்காரர்கள் பத்து நிமிடம் அடித்து நாலு வீட்டுக் கூரையைக் கழற்றும் காற்றுக்கு 'மினி' என்று ஒரு முன்னொட்டைப் போட்டுவிட்டார்கள். கேட்கிறவர்களுக்கு அது பெரிய சூறாவளியின் குட்டி என்றுதான் விளங்கும். குட்டியும் இல்லை, உறவும் இல்லை. அதோடு இடிமுகிலிலிருந்து தரைவரை இறங்கிச் சுழலும் டொர்னாடோவையும் செய்திகளில் சூறாவளி என்றே மொழிபெயர்ப்பதால், மூன்று வெவ்வேறு காற்றுகள் ஒரே பெயரில் திரிகின்றன.

என்னைக் கேட்டால், பெயரை விட்டுவிட்டு அது தரையில் விட்டுப்போன சுவட்டைப் பார்க்க வேண்டும். சூறாவளி ஒரு மாகாணத்தையே மூடிக்கொண்டு கடக்கும். டொர்னாடோ கோடு கிழித்ததுபோல் போகும். கோட்டுக்குள் இருந்த வீடு இருக்காது, 200 மீற்றர் தள்ளியிருக்கும் வீட்டில் கொடியில் காயும் சேலைகூட அப்படியே கிடக்கலாம். எங்கள் பின்னேரக் காற்று விசிறி விரித்ததுபோல் ஒரு துண்டு நிலத்தில் அடித்து ஓய்ந்துவிடும். மூன்றையும் ஒரே வரைபடத்தில் கீறிப் பார்த்தால் யாரும் மாறிச் சொல்ல மாட்டார்கள்.

சரி, நீங்கள் பார்த்த அந்தக் கோட்டுக்கு வருவோம். உலகில் பதிவான டொர்னாடோக்களில் அதைவிட நீண்ட கோடு வேறில்லை.

1925 மார்ச் 18, புதன்கிழமை. மதியம் 1 மணியளவில் மிசூரி மாநிலத்தில் எலிங்டன் என்ற சிற்றூருக்குப் பக்கத்தில் அது தரை தொட்டது. அங்கிருந்து கிழக்கு-வடகிழக்காக, அடிமட்டம் வைத்துக் கீறியதுபோல் கிட்டத்தட்ட நேராக ஓடியது. மிசூரியின் அந்தப் பகுதி காடும் மேடும். அனாபொலிஸ் என்ற சுரங்க ஊரைப் பெரும்பாலும் தரைமட்டமாக்கியும்கூட, அந்த மாநிலம் முழுவதிலும் இறந்தவர்கள் 11 பேர்தான். பிறகு மிசிசிப்பி ஆற்றைக் கடந்து இல்லினோய் மாநிலத்துக்குள் நுழைந்தது. அந்த மாநிலத்தில் மட்டும் 613 பேர்.

ஆற்றைக் கடந்ததும் முதலில் அகப்பட்டது கோர்ஹாம். நேரம் 2.30 அளவில். அந்த ஊரில் உருப்படியாக நின்ற கட்டடம் என்று சொல்ல ஒன்றும் மிஞ்சவில்லை. அங்கிருந்து சில நிமிடங்களில் மர்பிஸ்பரோ. ரயில்வே பட்டறையும் தொழிற்சாலைகளும் உள்ள நகரம். 234 பேர் அங்கே இறந்தார்கள். ஒரே டொர்னாடோவில் ஒரே நகரத்தில் அத்தனை பேர் இறந்தது அமெரிக்க வரலாற்றில் அதற்கு முன்பும் இல்லை, பின்பும் இல்லை. காற்று போன பிறகு நெருப்பு பிடித்தது. அணைக்கத் தண்ணீர் இல்லை. நீர் வழங்கும் ஏற்பாடும் உடைந்துபோயிருந்தது. இடிபாட்டுக்குள் உயிரோடு சிக்கியிருந்த சிலரை நெருப்பு கொண்டுபோனது.

அடுத்தது டி சோட்டோ. 69 பேர். அதில் 33 பேர் பள்ளிக்கூடத்தில் இருந்த பிள்ளைகள். பள்ளி விட இன்னும் நேரம் இருந்தது. ஆசிரியராக இருந்தவன் என்பதாலோ என்னவோ, இந்த வரியைப் படிப்பிக்கும்போதெல்லாம் வகுப்பின் யன்னல்கள் பக்கம் என் கண் போய்விடும்.

பிறகு வெஸ்ட் பிராங்க்ஃபர்ட், நிலக்கரிச் சுரங்க நகரம். ஆண்கள் பலர் அந்த நேரம் நிலத்துக்குக் கீழே வேலையில். மேலே என்ன நடந்தது என்று அவர்களுக்குத் தெரியாது. மின்சாரம் நின்றது மட்டும்தான் தெரிந்தது. வெளியே வந்து பார்த்தபோது வீடும் இல்லை, பலருக்கு வீட்டில் இருந்தவர்களும் இல்லை. இறந்தவர்களில் பெண்களும் பிள்ளைகளும் கூடுதலாக இருந்ததற்குக் காரணம் இதுதான். கோர்ஹாமிலிருந்து வெஸ்ட் பிராங்க்ஃபர்ட்டைத் தாண்டி பாரிஷ் என்ற சிற்றூர் வரை ஏறத்தாழ 40 நிமிட ஓட்டம். 500 பேருக்கு மேல் இறந்தது அந்த 40 நிமிடத்துக்குள்தான்.

இண்டியானா மாநிலத்தில் 71 பேர். கிரிஃபின் என்ற ஊரைத் துடைத்துப் போட்டுவிட்டு, பிரின்ஸ்டன் நகரத்தில் பாதியளவை இடித்துவிட்டு, 4.30 மணியளவில் பீற்றர்ஸ்பர்க் என்ற ஊருக்குக் கிட்ட அடங்கியது. மூன்றரை மணித்தியாலம். மொத்தம் 695 உயிர். காயப்பட்டவர்கள் 2,027 பேர். ஏறத்தாழ 15,000 வீடுகள்.

இதை எங்கள் நிலத்தில் வைத்துப் பார்த்தால்தான் அளவு பிடிபடும். எங்கள் தீவின் மிக அகன்ற இடமே ஏறத்தாழ 225 கிலோமீற்றர். அந்தக் காற்று கிழக்குக் கரையில் ஏறி மேற்கே ஓடியிருந்தால், தீவைக் கடந்து முடித்த பிறகும் ஓட்டம் மிச்சம் இருந்திருக்கும். சரி, நீளவாக்கில் வைப்போம். கோணேசர் கோயில் மலையடியில் தொடங்கி நேரே தெற்கே தேவேந்திரமுனைக்கு ஒரு கோடு கீறினால் 300 கிலோமீற்றர்தான் வரும். மிச்சம் 50 கிலோமீற்றர் இந்து சமுத்திரத்தில்தான் ஓட வேண்டும். வேகம் சராசரியாக மணிக்கு 100 கிலோமீற்றர், சில இடங்களில் 117. இங்கிருந்து கந்தளாய்க்கு 24 நிமிடத்தில் போய்விடும். கொழும்பு பஸ் அந்த நேரத்துக்குள் தம்பலகாமத்தில் ஆள் ஏற்றிக்கொண்டு நிற்கும்.

அகலம் என்ன என்று கேட்பீர்கள். பல இடங்களில் ஒரு கிலோமீற்றரைத் தாண்டியது. ஓடும் வேகத்தையும் சுழலும் வேகத்தையும் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம். 100 கிலோமீற்றர் என்பது முழுச் சுழலும் நகர்ந்த வேகம். உள்ளே சுற்றிய காற்று அதைப்போல மூன்று மடங்குக்கு மேல் இருந்திருக்க வேண்டும். அழிவை வைத்துத்தான் அப்படிச் சொல்கிறார்கள், அளக்கும் கருவி எதுவும் அங்கே இருக்கவில்லை. வட அரைக்கோளத்தில் இந்தச் சுழல்கள் பெரும்பாலும் இடஞ்சுழியாகச் சுற்றும். ஆகவே ஓடும் திசைக்கு வலப்பக்கத்தில் இரண்டு வேகமும் கூடும், இடப்பக்கத்தில் ஒன்றிலிருந்து ஒன்று கழியும். ஒரே சுழலின் இரு கரைகளுக்கும் இடையில் மணிக்கு 200 கிலோமீற்றர் வித்தியாசம் வரும். தெருவின் ஒரு பக்கம் போய் மறு பக்கம் நிற்கிற 'அதிசயங்கள்' பலவற்றுக்குக் கணக்கு இதுதான்.

அந்தச் சனம் ஏன் ஓடி ஒளியவில்லை என்ற கேள்வி உங்களுக்கு வரும். காரணம் பல. அது டொர்னாடோ மாதிரி இருக்கவில்லை. தும்பிக்கை மாதிரி ஒன்று மேகத்திலிருந்து இறங்கும் என்று அவர்களுக்குத் தெரியும். ஆனால் அன்று கண்டவர்கள் பலர் சொன்னது, தரையோடு புரண்டு வரும் கறுப்பு மேகக் கூட்டம், கொதிக்கிற மூடுபனி போல ஒன்று. அகலமும் பெரிது, மேகமும் தாழ்வு, மழையும் தூசியும் சுற்றி மூடியிருந்தது. என்னவென்று யோசித்து முடிக்குமுன் வந்துவிட்டது. தந்திக் கம்பிகளை அதுவே அறுத்துக்கொண்டு போனதால் முன்னால் இருந்த ஊருக்குச் செய்தியும் போகவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது, எனக்கு இதை நினைத்தால் இன்றும் எரிச்சல் வரும். அமெரிக்க வானிலைப் பணியகம் அந்தக் காலத்தில் தன் முன்னறிவிப்புகளில் டொர்னாடோ என்ற சொல்லையே தடைசெய்திருந்தது. 1880களில் வந்த தடை, 1938 வரை நீடித்தது. சனம் பீதியடையும் என்பது அவர்கள் சொன்ன நியாயம். அன்று காலை முன்னறிவிப்பில் மழையும் காற்றும்தான் இருந்தன. முதல் டொர்னாடோ முன்னறிவிப்பு வெற்றியாக வந்தது 1948 மார்ச் 25ஆம் திகதி, ஒக்லஹோமாவில் ஒரு விமானப்படைத் தளத்தில். அதைச் செய்தவர்கள் இரண்டு படை அதிகாரிகள், பணியகத்தார் இல்லை.

352 கிலோமீற்றர் என்ற கணக்கிலும் ஒரு சின்னத் திருத்தம் உண்டு. ஒரு பெரும் இடிமுகில் ஒரு டொர்னாடோவை இறக்கி, அது அடங்கியதும் கொஞ்சத் தூரத்தில் இன்னொன்றை இறக்கும். வானத்திலிருந்து யாரும் பார்க்காத காலத்தில், தரையில் கிடக்கும் அழிவை வைத்து 'ஒன்றேதான் ஓடியது' என்று எழுதிவிடுவது எளிது. 2013இல் சில ஆய்வாளர்கள் பழைய பத்திரிகைகள், உயிரோடு இருந்த முதியவர்களின் வாக்குமூலங்கள், அந்த நாள் வானிலைப் பதிவுகள் எல்லாவற்றையும் கிளறிப் பார்த்தார்கள். 280 கிலோமீற்றர் நீளமுள்ள ஒரு பகுதி ஒரே டொர்னாடோவாக இருக்கும் வாய்ப்பு அதிகம், அதில் ஏறத்தாழ 243 கிலோமீற்றர் மிகவும் உறுதி என்று வந்தார்கள். குறைத்துச் சொன்னாலும் பெரிதுதான். 2021 டிசம்பர் 10 இரவு கென்டக்கி மாநிலத்தில் மேஃபீல்ட் நகரத்தை அழித்த டொர்னாடோ, நவீன அளவீட்டின்படி, ஏறத்தாழ 266 கிலோமீற்றர் ஓடியது. 57 பேர் இறந்தார்கள். ரேடாரும் கைப்பேசி எச்சரிக்கையும் இருந்தும் அத்தனை பேர். ஆனால் அந்த 57ஐ 695 பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எச்சரிக்கையின் பெறுமதி தெரியும்.

சாதாரண டொர்னாடோ பத்து நிமிடத்துக்குள் சில கிலோமீற்றர் ஓடி முடிந்துவிடும். 1925இல் மட்டும் ஏன் அந்த நீளம்? டொர்னாடோவைப் பெறுவது ஒரு சுழலும் இடிமுகில். அந்த முகிலுக்குச் சாப்பாடு வேண்டும்: கீழே வெப்பமான ஈரக்காற்று, மேலே குளிர்ந்த காற்று, உயரப் போகப் போகத் திசையும் வேகமும் மாறும் காற்றோட்டம். வழக்கமாக முகில் ஓடி ஓடி இந்தச் சாப்பாடு இருக்கும் இடத்தைத் தாண்டிவிடும், அல்லது தன்னுடைய மழையின் குளிரே அதன் காலை வாரிவிடும். அன்று ஒரு தாழமுக்க மையம் வேகமாகக் கிழக்கே நகர்ந்துகொண்டிருந்தது. அந்த ஒற்றை முகில் அதன் பக்கத்திலேயே, ஏறத்தாழ அதே வேகத்தில் ஓடியது. கல்யாண வீட்டுப் பந்தியோடு கூடவே நடந்துபோகிறவன் மாதிரி. பந்தி முடியும்வரை அவனுக்கும் பசியில்லை.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி. இங்கே வருமா?

ஈரமும் வெப்பமும் எங்களிடம் அளவுக்கு மேல் இருக்கின்றன. கொட்டியாரக் குடா முழுக்க அதுதான். இல்லாதது மற்றப் பாதி. நாங்கள் இருப்பது ஏறத்தாழ எட்டரைப் பாகை வட அகலக்கோட்டில். நடு அகலக்கோடுகளில் பத்துப் பன்னிரண்டு கிலோமீற்றர் உயரத்தில் ஆறு மாதிரி ஓடும் தாரைக்காற்று எங்கள் தலைக்கு மேல் அப்படி ஓடுவதில்லை. துருவப் பக்கத்துக் குளிர்காற்றும் வெப்பக்காற்றும் முட்டிக்கொள்ளும் களமும் இங்கே கிடையாது. ஆகவே எங்கள் இடிமுகில் நிமிர்ந்து எழும்பும், கொட்டும், தன் மழையிலேயே தான் நனைந்து சாகும். அரை மணி, ஒரு மணிக்குள் கதை முடிந்துவிடும். நீண்ட கோடு கீற அதற்கு ஆயுள் போதாது.

வங்காள விரிகுடாவைச் சுற்றி எங்குமே வராது என்று மட்டும் நினைத்துவிட வேண்டாம். உலகிலேயே அதிகம் பேரைக் கொன்றதாகக் கருதப்படும் டொர்னாடோ அமெரிக்காவில் வந்ததல்ல. 1989 ஏப்ரல் 26 மாலை வங்காளதேசத்தில் தௌலத்பூர், சதுரியா பகுதியில் வந்தது. ஏறத்தாழ 1,300 பேர் இறந்தார்கள். அங்கே சித்திரை, வைகாசியில் மேற்கிலிருந்து வறண்ட வெப்பக்காற்று வரும், கடலிலிருந்து ஈரக்காற்று வரும், மேலே தாரைக்காற்றும் எட்டும். சாமான் எல்லாம் ஒரே சந்தையில் கிடைக்கிற இடம். அந்தச் சந்தை எங்களுக்கு 1,700 கிலோமீற்றருக்கு மேல் வடக்கே இருக்கிறது.

அப்படியானால் சின்னம்மா வீட்டுத் தகரத்தைக் கொண்டுபோனது எது? அதற்கு ஃபுஜிட்டாவிடம் போக வேண்டும்.

டெட்சுயா ஃபுஜிட்டா, 1920இல் ஜப்பானின் கியூஷு தீவில் பிறந்தவர். 1945இல் அணுகுண்டு விழுந்த சில வாரங்களில் நாகசாகிக்கும் ஹிரோஷிமாவுக்கும் போய் அழிவைப் பதிவு செய்தார். மரங்கள் ஒரு மையத்திலிருந்து நாலாபக்கமும் வெளிநோக்கி, நட்சத்திரம் போலச் சாய்ந்து கிடந்தன. 1953இல் சிக்காகோ பல்கலைக்கழகத்துக்குப் போனார். டொர்னாடோவின் வலுவை அழிவை வைத்துத் தரம் பிரிக்கும் அளவுகோலை 1971இல் கொடுத்தார். இன்றும் திருத்திய வடிவில் அவர் பெயரில்தான் இருக்கிறது. 1974இல் டொர்னாடோக்கள் அடுக்கடுக்காக வந்துபோன பிறகு விமானத்திலிருந்து காடுகளைப் பார்த்தபோது, சில இடங்களில் மரங்கள் சுழன்று விழாமல், நாகசாகியில் கண்டதுபோல் வெளிநோக்கி விழுந்திருந்தன. அடுத்த வருடம் நியூயோர்க்கில் தரையிறங்க வந்த பயணிகள் விமானம் ஒன்று விழுந்தது. இரண்டையும் சேர்த்துப் பார்த்து அவர் சொன்னார்: முகிலிலிருந்து காற்று மொத்தமாகக் கீழே விழுகிறது, தரையில் மோதி விரிகிறது. நம்பாதவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். பிறகு ரேடார்கள் வைத்து அளந்து காட்டினார்.

தமிழில் இதற்கு ஆட்கள் வாயில் புழங்கும் சொல் இன்னும் வரவில்லை. நான் வகுப்பில் 'விழுகாற்று' என்று சொல்லிச் சமாளித்தேன். ஒரு வாளித் தண்ணீரைச் சீமெந்துத் தரையில் கவிழ்த்தால் எப்படி விழுந்து நாலு பக்கமும் ஓடுகிறதோ, அப்படி. மழைத்துளிகள் ஆவியாகும்போது சுற்றியுள்ள காற்று குளிர்கிறது, குளிர்ந்த காற்று பாரம், பாரமானது விழுகிறது. விழுந்து விரியும் காற்று மணிக்கு 100 கிலோமீற்றரைத் தாண்டுவது அரிதல்ல.

இதைப் புத்தகத்தில் வாசித்துவிட்டுச் சொல்லவில்லை. பல வருடத்துக்கு முன் ஒரு சித்திரைப் பின்னேரம் சாம்பல்தீவுப் பக்கம் இப்படி ஒரு காற்று அடித்தது. அடுத்த சனிக்கிழமை வகுப்புப் பிள்ளைகளை ஆளுக்கொரு கொப்பியும், எல்லோருக்குமாக இரண்டு திசைகாட்டியுமாகக் கூட்டிக்கொண்டு போனேன். விழுந்த மரம் ஒவ்வொன்றுக்கும் அடி எங்கே, நுனி எந்தத் திசை என்று எழுத வேண்டும், அவ்வளவுதான் வேலை. முப்பதுக்கு மேற்பட்ட மரங்கள் கிடந்தன. முருங்கையும் வேம்பும்தான் கூட. வாசலில் நின்ற ஒரு ஐயா, "சேர், சுழண்டு சுழண்டுதான் அடிச்சது, என்ர கண்ணால கண்டனான்" என்று அடித்துச் சொன்னார். பிள்ளைகளும் சுழல்காற்று என்றே எழுதிவிட ஆயத்தமாக நின்றார்கள். திங்கட்கிழமை கரும்பலகையில் எல்லா அம்புக்குறிகளையும் போட்டோம். தெற்குப் பக்கத்து மரங்கள் தென்கிழக்கே, நடுவில் இருந்தவை கிழக்கே கடலைப் பார்த்து, வடக்கில் இருந்தவை வடகிழக்கே. அச்சாக ஒரு விசிறி. ஒரு அம்புக்குறிகூட எதிரே திரும்பி நிற்கவில்லை. பின்வரிசைப் பெடியன் ஒருவன், "சேர், அப்ப ஐயா கண்டது?" என்று கேட்டான். ஐயா பொய் சொல்லவில்லை. விரிந்து வரும் காற்றின் முன்விளிம்பு தூசியையும் சருகையும் உருட்டிப் புரட்டிக்கொண்டு வரும். வாசலில் நிற்கிறவருக்கு அது சுழல்வதாகத்தான் தெரியும். மரம் விழுந்த திசைக்குக் கண்மயக்கம் கிடையாது.

டொர்னாடோவாக இருந்திருந்தால் அந்த அம்புகள் ஒடுங்கிய ஒரு பட்டிக்குள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு, நடுக்கோட்டை நோக்கி உள்ளே சாய்ந்திருக்கும்.

சூறாவளியின் அடையாளம் இன்னொன்று. 1964 டிசம்பர் 22இல் எங்கள் கரையைத் தாக்கிவிட்டு வடமேற்கே போய், அன்றிரவே தனுஷ்கோடியை அழித்ததே, பாம்பன் பக்கத்தில் ரயிலோடு சனத்தையும் கடல் கொண்டுபோனதே, அந்தச் சூறாவளியை அம்மா அடிக்கடி சொல்வார். முதலில் வடக்கிலிருந்து அடித்ததாம். வடக்குச் சுவர்க் கிடுகுகள் போயின. பிறகு கொஞ்சம் குறைந்து, தெற்கிலிருந்து திரும்பி அடித்ததாம். "போன காற்று மறந்துபோய் வைத்ததை எடுக்க வந்த மாதிரி" என்பார். அம்மாவுக்குப் புவியியல் தெரியாது. ஆனால் மையம் எங்கள் பக்கத்தால் மேற்கே கடந்தால் காற்று அப்படித்தான் திசை மாறும். மணிக்கணக்கில், மாவட்டக்கணக்கில் நடக்கும் விஷயம். 1978 நவம்பர் 23இல் மட்டக்களப்பைத் தாக்கி 900க்கும் மேற்பட்டோரைக் கொன்றது, 2000 டிசம்பர் 26இல் இங்கேயே கரை ஏறியது, 2020 டிசம்பர் 2 இரவு திரியாய்க்கும் குச்சவெளிக்கும் நடுவால் உள்ளே வந்த புரெவி, எல்லாம் அந்தச் சாதி. இதற்கு நாட்கணக்கில் முன்கூட்டியே எச்சரிக்கை கிடைக்கும். எங்களுக்கு உண்மையான ஆபத்து இதுதான், டொர்னாடோ அல்ல.

கடலில் தும்பிக்கை மாதிரி இறங்குவதைக் கண்டோம் என்று நிலாவெளி, குச்சவெளிப் பக்கத்து மீன்பிடிக்காரர் சொன்னால் நான் மறுக்க மாட்டேன். மேகம் தண்ணீர் குடிக்கிறது என்று பழைய ஆட்கள் சொல்வது அதைத்தான். சுழல் உண்மை, குடிப்பது உண்மையில்லை. நீங்கள் காணும் அந்தத் தூண் பெரும்பாலும் ஈரக்காற்று குளிர்ந்து உண்டான மேகத்துளிதான், கடல்நீர் அதன் காலடியில் மட்டும் தெறிக்கும். இவை இளம் மேகத்தின் கீழ் வெதுவெதுப்பான கடலில் உண்டாகி, பெரும்பாலும் பத்து இருபது நிமிடத்தில் கரைந்துவிடும். கரை ஏறினால் வலு போய்விடும். ஆனால் வள்ளத்தைக் கவிழ்க்கப் போதும். கண்டால் அது போகும் திசைக்குக் குறுக்காக, செங்கோணத்தில் விலகி ஓட வேண்டும். வேடிக்கை பார்த்துக் கைப்பேசியில் படம் பிடிப்பதைக் கரைக்கு வந்து வைத்துக்கொள்ளலாம்.

கூரை பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். காற்று கூரையைத் தள்ளி விழுத்துவதில்லை, மேலே உறிஞ்சித் தூக்குகிறது. மூலைத் தகரமும் முகட்டுத் தகரமும்தான் முதலில் போகும். ஆணி மட்டும் அடித்த தகரம் ஆணியோடு பிடுங்கிக்கொண்டு வரும். மரத்தைச் சுற்றிப் பிடிக்கும் கொக்கி ஆணி நிற்கும். சின்னம்மா திரும்பக் கூரை போடும்போது ஓரங்களிலும் மூலைகளிலும் ஆணியை நெருக்கமாகப் போடச் சொல்லுங்கள், செலவு பெரிதாக வராது. காற்று வரும்போது கதவு யன்னலைத் திறந்துவிட்டால் அமுக்கம் சமப்படும் என்று யாராவது சொன்னால் கேட்க வேண்டாம். அமெரிக்காவிலும் ஒருகாலத்தில் அப்படித்தான் சொன்னார்கள். திறந்த யன்னலால் நுழைந்த காற்று கூரையைக் கீழிருந்தும் தள்ளும், வேறொன்றும் நடக்காது.

மாசி கடைசியிலிருந்து சித்திரை வரையும், பிறகு ஐப்பசி கார்த்திகையிலும், வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிக்கையில் அநேகமாக ஒவ்வொரு நாளும் ஒரு வரி வரும்: இடியுடன் மழை பெய்யும் இடங்களில் தற்காலிகமாகப் பலத்த காற்று வீசக்கூடும் என்று. தினமும் கேட்டுக் கேட்டு அது எங்கள் காதில் ஏறுவதில்லை. சின்னம்மா வீட்டுக்கு வந்தது அந்த வரிதான் என்று நினைக்கிறேன். 1925இல் சொல்லவே இல்லை. இங்கே சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள்.

நினைக்கிறேன் என்றுதான் சொல்ல முடிகிறது, ஏனென்றால் முக்கியமான விவரத்தை நீங்கள் தரவில்லை. தகரங்கள் எந்தத் திசையில், எவ்வளவு தூரத்தில் கிடந்தன? வளவில் மரம் விழுந்திருந்தால் அடி எந்தப் பக்கம், நுனி எந்தப் பக்கம்? பக்கத்து வளவுகளில்? கிழக்கு எது என்று அடையாளம் போட்டு ஒரு கடதாசியில் கீறிப் படம் எடுத்து அனுப்புங்கள். வெட்டி விறகாக்குவதற்குள் போய்ப் பார்த்துவிட வேண்டும், இல்லாவிட்டால் சாட்சி அடுப்புக்குள் போய்விடும்.